குழந்தைவேலுக்காக இருந்த பட்டினி

இப்படி உக்காருங்க தம்பி, இந்தப் பக்கம் வெயில் அடிக்காது. சூலூர் தாண்டினா சூரியன் அக்கட்டப் போயிரும், நான் சொன்னாக் கேக்கும். திருப்பூர்தானுங்களே? அப்பச் சரி. பல்லடத்துல இறங்கற ஆளுகூட நான் பேச்சு வெச்சுக்கறதில்லை, கதை பாதியில நின்னுபோகும்.

நான் ஆறுச்சாமி, ஒண்டிப்புதூரு. மில்லுல சங்கு ஊதின ஆளு. ஷிப்டு மாத்தறதுக்கு ஊதுவோம், ஊரு பூரா கேக்கும். என் சங்கை வெச்சுத்தான் கோயமுத்தூரே கடிகாரத்தைத் திருப்பி வெச்சுக்கும். கல்யாணமான புதுசுல வீட்டுக்குப் போற அவசரத்துல ஒருக்கா அரை மணி நேரம் முந்தி ஊதிப்போட்டேன். அன்னைக்கு ஜில்லாவுக்கே அரை மணி நேரம் முந்திப் பொழுது விழுந்துச்சு. கோழியெல்லாம் கூட்டுக்குள்ள போயிருச்சு. சிரிக்கறீங்க. நம்பவேண்டாம். என் மகனும் நம்பறதில்லை.

அந்த மகனைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். அவன் எனக்குப் பண்ணின காரியத்தை எந்த மகனும் எந்த அப்பனுக்கும் பண்ணியிருக்கமாட்டான். செத்தவன் செத்தமாதிரி இருக்கோணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. இவன் இருக்கலை.

இருங்க, முதல்ல இருந்து வர்றேன்.

எங்க வீட்டு மாடியில ரெண்டு பசங்க குடியிருந்தாங்க. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்பா ஒரு பேர்ப்பட்டை. மோர்மோன்னு சொல்றாங்களே, அந்தக் கிறிஸ்தவச் சபைப் பசங்க. ரெண்டு வருசம் ஊரை விட்டு, தாய் தகப்பனை விட்டு, அனுப்பின தேசத்துக்குப் போய் ஊழியம் பண்ணோணும். ஒருத்தன் அமெரிக்காக்காரன், பிங்காம். பென்சிலாட்டம் இருப்பான். இன்னொருத்தன் தவுஃபா. அவன் தோங்கா. எங்கயோ பசிபிக் கடலுக்கு நடுவுல இருக்குது, உலக உருண்டையில எறும்பு முட்டை வெச்ச மாதிரி சின்னப் புள்ளிக. அவ்வளவு சின்ன ஊருல இவ்வளவு பெரிய ஆளு எப்பிடி நின்னான்னு நான் கேட்டிருக்கேன். அவன் சட்டை ஒண்ணு கொடியில காஞ்சா எங்க மொட்டை மாடிக்கே நிழலு.

பத்தொம்பது வயசுதான். ஆனா எல்டர் தவுஃபான்னுதான் கூப்பிடோணும். எல்டர்னா மூத்தவராமா. எழுபத்தாறு வயசு ஆன நான் அவனுக்குச் சகோதரர் ஆறுச்சாமி. நீ மூத்தவன்னா நான் என்ன கண்ணு, மியூசியமான்னு கேட்டேன். அவனுக்குச் சிரிப்பு வந்தா முதல்ல தோள்தான் குலுங்கும், சத்தம் பின்னாடிதான் வரும்.

தமிழ் படிச்சிருந்தான். பைபிள்லயே படிச்சிருப்பானாட்டம் இருக்குது. "சகோதரரே, உம்முடைய தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது" அப்பிடீம்பான். நான் மோட்டாரை நிறுத்தறதை விட்டுட்டு அவன் பேசறதைக் கேட்டுட்டு நிப்பேன்.

அவங்க பொழைப்பு ஒரு தனிப் பொழைப்புங்க. விடிய எந்திரிச்சுத் தண்டால் எடுப்பாங்க, தவுஃபா எடுத்தா என் மின்விசிறி ஆடும். அப்புறம் படிப்பு, ஜெபம். அப்புறம் வெளிய கிளம்பினா பொழுதுக்கும் நடை. கதவு கதவாத் தட்டறதில்லை, கூப்பிட்டவங்க வீட்டுக்குத்தான் போவாங்க. எத்தனை பேரு கூப்பிடுவாங்க இந்த ஊருல? டீ இல்லை, காப்பி இல்லை, சினிமா இல்லை. வாரத்துக்கு ஒருநாள், திங்கக்கிழமை மட்டும், துணி தொவைக்கறது, கடைக்குப் போறது, வீட்டுக்குப் போன்ல பேசறது. இதெல்லாம் கூடப் பரவால்லை. இன்னொரு சட்டம் இருக்குது. ரெண்டு பேரும் பிரியவே கூடாது. ஒருத்தன் பார்வையில, ஒருத்தன் காதெட்டற தூரத்துல இன்னொருத்தன் இருந்தே ஆகோணும். ஒருத்தனுக்கு வவுறு சரியில்லைன்னா இன்னொருத்தனும் வீட்டுலதான்.

இதுல கொடுமை என்னன்னா, ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. சண்டை கிண்டை இல்லை. பிங்காமுக்கு எல்லாம் மணிப்படி நடக்கோணும். தவுஃபா வழியில எளனிக் கடைக்காரன் சிரிச்சா நின்னுருவான், நாய்க்குட்டி வந்தா உக்காந்துருவான். நம்ம நேரம் நம்மளுது இல்லைன்னு அவன் ஒருதடவை சொன்னான், இவன் சரின்னான், அதோட பேச்சு நின்னுபோச்சு. ஒரே ரூமு, ஒரே அடுப்பு. படியேறும்போது நாலு காலு சத்தம் கேக்கும், ஒரு வாய்ச் சத்தம் கேக்காது. தனியா இருக்கறவன் சுவத்துக்கிட்டயாவது பேசிக்கலாம். தவுஃபாவுக்கு அதுவும் இல்லை.

பாவமா இருந்துச்சுங்க எனக்கு. எனக்கென்ன, எம் பொண்டாட்டி தெய்வாத்தா போனதுக்கப்புறம் நான் நிம்மதியா இருக்கேன். நானே ஆக்கி நானே உண்டு, டிவில பேசற ஆளுகளுக்குப் பதில் சொல்லிட்டு ராசாவாட்டம் இருக்கேன். அந்தப் பையனுக்குத்தான் பேச ஒரு ஆளு வேணும்னு பட்டுச்சு. கீழ வா கண்ணு, குச்சிக்கிழங்கு வேகவெச்சிருக்கேன்னு கூப்பிட்டேன். கிழங்கைப் பாத்ததும் அவன் மூஞ்சி மலந்ததைப் பாக்கோணுமே. அவங்க ஊருலயும் இந்த மரவள்ளிதான் சோறாமா. ஆனா பிங்காம் விடலை. வீட்டுக்காரர்கூட அரட்டை அடிக்க நாம வரலை, வேதம் கேக்கோணும்னு விருப்பம் இருக்கறவங்க வீட்டுக்குத்தான் போகோணும்னு சொல்லிப்போட்டான். கிழங்கை மட்டும் வாங்கிட்டு மேல போயிட்டாங்க.

சரி, விருப்பம்தானே வேணும்? அது என்ன கடையிலயா விக்குது?

அடுத்த நாள் படியிலயே மடக்கினேன். உங்க சபையில, செத்தவங்களைத் திரும்பப் பாக்கலாம், குடும்பம்னா அது சாவுக்கப்புறமும் குடும்பம்தான்னு சொல்றீங்களாமே, அது நிஜமான்னு கேட்டேன். பிங்காம் பையை இறக்கி வெச்சான். ஆமா, நிஜம், யாரை இழந்தீங்கன்னான். தெய்வாத்தா பேரைத்தான் சொல்லியிருக்கோணும். ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, மறுபடியும் முடிவில்லாம என்கூடவே இருன்னு நான் எப்பிடி ஏற்பாடு பண்றது? அவளும் மனுஷிதானே. அதனால மகன்னு சொன்னேன். எம் பையன் குழந்தைவேல், வெள்ளத்துல போயிட்டான்னு.

அப்பிடிப் பாக்காதீங்க. அவன் நல்லாத்தான் இருக்கான். திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். இந்த பஸ்ஸுல ஏறினா ஒன்னரை மணி நேரம். ஆனா வரமாட்டான், போன் எடுக்கமாட்டான். போன வருசம் ரெண்டு மூணு தடவை நெஞ்சு வலின்னு கூப்பிட்டேன். அடிச்சுப் பிடிச்சு வந்தான். நான் தோசை சுட்டுட்டு இருந்தேன். அப்பன் நல்லாயிருக்கானேன்னு சந்தோசப்படோணுமா இல்லையா? கோவிச்சுக்கிட்டான். இனி நீங்க நிஜமாவே செத்தாலும் பக்கத்து வீட்டுல கேட்டுட்டுத்தான் வருவேன்னுட்டான். வராத மகன் வெள்ளத்துல போனா என்ன, பனியன் கம்பெனியில போனா என்ன?

அன்னைக்கிருந்து செவ்வாயும் வெள்ளியும் சாயந்திரம் வந்தாங்க. பிங்காம் பாடம் சொல்லுவான், தவுஃபா ஜெபம் பண்ணுவான், நான் என் மகனைப் பத்திச் சொல்லுவேன். முதல் வாரம் அவன் ஆட்டுக்குட்டியைக் காப்பாத்தப் போய் வெள்ளத்துல விழுந்தான். அடுத்த வாரம் அது எருமைக்கன்னுக்குட்டி ஆச்சு. மூணாவது வாரம் பள்ளிக்கூடத்துப் புள்ளைக. எம் பையன் நல்லவன்தானே, ரெண்டு புள்ளைகளைக் காப்பாத்தினா என்ன குறைஞ்சுபோகுது? பிங்காம் லேசாப் புருவத்தைத் தூக்கினான். தவுஃபா தூக்கலை. கண்ணுல தண்ணி வெச்சுட்டு உக்காந்திருந்தான். அவ்வளவு பெரிய ஆளு அழுதா, கேட்டுட்டிருக்கற நமக்கும் நம்ம கதை மேல ஒரு மரியாதை வந்துருது.

மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை அவங்க பட்டினி. ரெண்டு வேளை, பச்சைத் தண்ணிகூட இல்லை. யாரையாவது நினைச்சுட்டு இருக்கோணுமாமா. "இந்த மாதம் உம்முடைய குமாரன் குழந்தைவேலுக்காக உபவாசம் இருக்கிறேன்"னு தவுஃபா வந்து சொன்னான். எனக்குச் சங்கடமாப்போச்சு. அன்னைக்குன்னு பாத்து நான் கறி எடுத்துட்டு வந்திருந்தேன். வாசம் மேல போகக்கூடாதுன்னு ஜன்னலெல்லாம் சாத்திட்டு வேர்க்க விறுவிறுக்க உண்டேன். அந்தப் பையனுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அப்புறம் ஒரு திங்கக்கிழமை. துணியெல்லாம் கொடியில இருந்துச்சு. மாடியில பேச்சுச் சத்தம் கேட்டுச்சு, வீட்டுக்குப் போன் பேசறாங்கன்னு நினைச்சேன். சாயந்திரமா தவுஃபா இறங்கி வந்தான். பிங்காமும் வந்தான், ஆனா உள்ள வரலை. வாசல் கேட்டுப் பக்கத்துல எங்களுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்துக்கிட்டான். அவன் கெட்டவன் இல்லைங்க. பிரியவும் கூடாது, இருக்கவும் கூடாதுன்னா ஒரு மனுசன் என்னதான் பண்ணுவான், முதுகைத்தான் காட்டுவான்.

"என் தகப்பனார் காலமானார்"னான் தவுஃபா.

மீனுக்குப் போற ஆளாமா அவங்கப்பன். கடல்ல ஒண்ணும் ஆகலை. வீட்டுல, சாப்பிட்டுப் படுத்தவரு எந்திரிக்கலை. பெரியவங்க, சபையில இருந்து, போறதுன்னா போயிட்டு வா தம்பின்னு சொல்லியிருக்காங்க. அவங்கம்மா வரவேண்டாம்னுட்டாங்களாம். ஆரம்பிச்சதை முடிச்சுட்டு வா, அதுதான் அப்பனுக்கு இஷ்டம்னு. அங்க அடக்கம் நடக்கும், பாட்டு பாடுவாங்க. இவன் இங்க ஒண்டிப்புதூர்ல சட்டை காயப்போட்டுட்டு இருப்பான்.

என் முன்னாடி நாக்காலியில உக்காந்தான். நாக்காலி முனகுச்சு. அவன் கேட்டான்: "சகோதரரே, இந்த ஊரில் மரணத்தை அறிந்தவர் எனக்கு நீர் ஒருவரே. குமாரனை இழந்தபின் நீர் என்ன செய்தீர்? ஒரு நாளை எப்படிக் கடந்தீர்?"

தம்பி, ஆயுசுல எத்தனையோ பொய் சொல்லியிருக்கேன். எல்லாம் நானாப் போய்ச் சொன்னது. ஒருத்தன் வந்து, எனக்கு ஒண்ணு குடுங்கன்னு கேட்டது அன்னைக்குத்தான். பிசிறில்லாமக் குடுக்கோணுமில்ல?

சொன்னேன். என்னென்னமோ சொன்னேன். கண்ணு, வாசல் கேட்டுச் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிப்பேன்னேன். பால்காரன்னு நல்லாத் தெரியும், அப்பவும் நிப்பேன். குளிக்கப் போகும்போதுகூட மணி காதுல விழற மாதிரி போனை ஜன்னல்ல வெச்சுட்டுத்தான் போவேன். ரசம் வெச்சா எனக்குப் புளி தூக்கலா இருக்கோணும், ஆனா அவனுக்கு ஆகாதுன்னு கம்மியாத்தான் போடறேன், அவன் இல்லைன்னு ரசத்தை வாயில வெச்சதுக்கப்புறம்தான் நெனப்பு வரும். தெருவுல நடக்கறது, பேப்பர்ல வர்றது, இதை அவன்கிட்டச் சொல்லோணும்னு தினமும் ஒண்ணைச் சேத்து வெப்பேன். சாயந்திரம் ஆனா, சொல்றதுக்கு ஆளு இல்லைன்னு பீரோவப் பாத்துச் சொல்லிப்போடுவேன். அப்பத்தான் சோறு இறங்கும்.

எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலைங்க. யோசிக்கவே இல்லை. தறி ஓடற மாதிரி ஓடுது. ஆட்டுக்குட்டியும் எருமைக்கன்னும் தேவைப்படவே இல்லை. அப்பிடி ஒரு பொய் இனி வராது எனக்கு.

"இது எப்போது நிற்கும்?" அப்பிடீன்னு கேட்டான்.

"எனக்கு இன்னும் நிக்கலையே கண்ணு"ன்னேன். பாருங்க, நடிப்பு எந்த அளவுக்குப் போயிருச்சுன்னு.

தவுஃபா தலையை ஆட்டினான். அப்புறம், "நான் மாத்திரம் அல்ல"ன்னு சொன்னான். எந்திரிச்சுப் போனான். பிங்காம் அவனுக்கு முன்னாடி படியேறலை, பின்னாடி ஏறினான். தோளுல கை வெச்சிருந்தான். அதுவே அந்த வீட்டுல பெரிய சங்கதி.

அதுக்கப்புறம் தினமும் சாயந்திரம் மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்கிட்ட நின்னு அவங்க பாஷையில பேசுவான். ஒண்ணோ ரெண்டோ வார்த்தைதான். எங்கப்பனுக்கு இன்னைக்குச் சேதின்னு சொன்னான் என்கிட்ட. பேசி முடிச்சுட்டு வந்து தட்டு நிறையச் சாப்பிடுவானாம். பிங்காம் சொன்னான், அவனே என்கிட்ட வந்து. ஆக, என் வேலை நடந்துச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?

இங்கதாங்க என் மகன் குறுக்க வந்தான்.

எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு எங்க வீட்டு ஜன்னலுப் பக்கம்தான் காத்து வரும். தவுஃபா ஜெபத்துல காலஞ்சென்ற குழந்தைவேல்னு சொன்னது அந்தம்மா காதுல விழுந்திருச்சு. உடனே திருப்பூருக்குப் போன் போட்டு என் மருமகளுக்கு ஆறுதல் சொல்லியிருக்காங்க. என்னம்மா இப்பிடி ஆயிப்போச்சு, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு. அவ போனைப் புருசன் கையிலயே குடுத்திருக்கா.

வெள்ளிக்கிழமை சாயந்திரம். பிங்காம் புஸ்தகத்தை விரிச்சாச்சு. கேட்டுச் சத்தம் கேட்டுச்சு. நான் எந்திரிச்சேன். தவுஃபாவும் எந்திரிச்சான். குழந்தைவேல் உள்ள வந்தான். செருப்பைக்கூடக் கழட்டலை.

"ஏனுங்ப்பா, எனக்குக் கருமாதி எப்பங்க? தேதி சொன்னா நானும் லீவு போட்டுட்டு வருவேனுங்க."

நான் நாக்காலியை அவன் பக்கம் நகத்திப் போட்டேன். பிங்காம் யாரு இவருன்னு கேட்டான். என் மகன் இங்கிலீஷ்லயே சொன்னான், வெள்ளத்துல போனது நான்தான் சார், நீச்சல்கூடத் தெரியாதுன்னு. பிங்காம் புஸ்தகத்தை மூடினான். மூஞ்சி சிவந்துபோச்சு. போலாம்னு எந்திரிச்சான்.

தவுஃபா போகலை. மெதுவா நடந்து போய்க் குழந்தைவேல் முன்னாடி நின்னான். சரி, எனக்கு விழவேண்டிய அறை இவனுக்கு விழப்போகுதுன்னு நினைச்சேன். அவன் என் மகனோட ரெண்டு தோளையும் பிடிச்சுப் பாத்தான், மாம்பழம் அமுக்கிப் பாக்கற மாதிரி. "நீர் உயிரோடு இருக்கிறீர்"ன்னான். அப்பிடியே கட்டிக்கிட்டான். கட்டிக்கிட்டு அழறான், சிரிக்கறான், தோளு குலுங்குது. நீச்சல் தெரியாத என் மகன் அதுக்குள்ள முங்கிப்போய்க் கிடந்தான். "உமக்காக நான் பசியாயிருந்தேன்"ங்கறான். குழந்தைவேலுக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. கோவமா வந்தவன், அந்த முதுகைத் தட்டிக்குடுத்துட்டு நிக்கறான். அப்பா, யாருங்ப்பா இவருன்னு என்னைக் கேக்கறான்.

ராத்திரிச் சோத்துக்கு இருந்துட்டுத்தான் போனான் மகன். மூஞ்சியை உர்ருன்னுதான் வெச்சிருந்தான். ரசம் மட்டும் ரெண்டு தடவை வாங்கிக்கிட்டான்.

ஆனா என் செவ்வாய் வெள்ளி போயிருச்சுங்களே. பிங்காம் நிறுத்திப்போட்டான். அவன்மேல தப்பில்லை. செத்தவன் இல்லாத வீட்டுல அவனுக்கு என்ன ஜோலி? எல்லாம் இந்தக் குழந்தைவேலால வந்தது. இத்தனை நாளு வராதவன் இன்னும் ரெண்டு மாசம் வராம இருந்திருக்கக்கூடாதா?

அடுத்த திங்கக்கிழமை தொட்டி நிரம்பிருச்சான்னு பாக்கற சாக்குல மாடிக்குப் போனேன். பிங்காம் அந்தக் கோடியில சட்டை உதறிட்டிருந்தான். தவுஃபா என்னைப் பாத்துட்டு வந்தான். எங்களுக்கு மாற்றல் வந்திருக்குது, நான் விசாகப்பட்டணம் போறேன், நாளன்னைக்குன்னான். கடல் இருக்கற ஊரு கண்ணு, நல்லதுன்னேன். அப்புறம் கேட்டான் பாருங்க, அதை.

"சகோதரரே, வெள்ளம் பொய். பிள்ளைகளைக் காப்பாற்றியதும் பொய். அந்தத் திங்கட்கிழமை எனக்குச் சொன்னீரே. அதுவும் பொய்யா?"

கோவமாக் கேக்கலை. கோவமாக் கேட்டிருந்தா எனக்குச் சுலபம். அவனுக்கு அது வேணும். அது பொய்யின்னா அவன் தொட்டிகிட்ட நின்னு பேசினதெல்லாம் என்ன ஆகும்? விசாகப்பட்டணத்துல அவன் எந்தத் தொட்டிகிட்டப் போய் நிப்பான்?

நான் கண்ணு சிமிட்டலை, தலையைச் சொறியலை. "அது மட்டும் நிஜம் கண்ணு"ன்னேன். "ஒரு வார்த்தைகூடச் சேக்கலை."

தம்பி, என் வாழ்நாள்ல சொன்னதுலயே பெரிய பொய் அதுதான். சங்கெல்லாம் அதுகிட்ட நிக்காது.

அவன் என்னையே பாத்துட்டு இருந்தான். நம்பிட்டான்னு தெரிஞ்சுது. ஆனா அவன் மூஞ்சி மலரலை. அவன் பாத்த பார்வை, ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவனைப் பாக்கற மாதிரி இருந்துச்சு. ஜெபம் பண்ணலாமான்னு கேட்டான். பிங்காமைக் கூப்பிட்டான். அவன் ஈரச் சட்டையைத் தோளுல போட்டுட்டு வந்து நின்னான். மூணு பேரும் கொடிக்கு அடியில கண்ணை மூடினோம். நான் ஒரு கண்ணைத் தொறந்துதான் வெச்சிருந்தேன். வழக்கமாக் குழந்தைவேல் பேரைச் சொல்லுவான். அன்னைக்கு அவன் பேரு வரலை. "பரலோகப் பிதாவே, சகோதரர் ஆறுச்சாமியைத் தனியே விடாதேயும்"னான்.

எனக்கு எதுக்குங்க அது? எனக்கென்ன குறை? அப்பன் செத்து, முகம் பாக்காம, மொழி தெரியாத ஊருக்குப் போறவன் அவன். தனக்குக் கேட்டிருக்கவேண்டியதை மாத்திக் கேட்டுப்போட்டான். வயசு பத்தலை.

மாடி இப்ப காலிதாங்க. ஆளு வந்து பாத்துட்டுப் போறாங்க, சரியா அமையலை. 

நானா? திருப்பூருக்கு மகன்கிட்டச் சண்டை போடத்தான் போயிட்டிருக்கேன். ஏன்டா அன்னைக்கு வந்தேன்னு கேக்கோணுமில்ல? போன வாரமும் அதுக்குத்தான் போனேன். அதுக்கு முந்தின வாரமும். உக்காந்தா மருமக இலையைப் போட்டுடறா, பேரப்புள்ளை சங்குக் கதை கேக்கறா, பேச்சு எடுக்கறதுக்குள்ள கடைசி பஸ்ஸு வந்துருது. இன்னைக்கு எடுத்துடுவேன்.

பல்லடம் வந்துருச்சு, பாருங்க. கொஞ்சம் நகந்து உக்காருங்க, ஏறுற கூட்டம் இடிக்கும்.

அந்தப் பையன் இந்நேரம் எந்தத் தெருவுல நடந்துட்டிருக்கானோ. கூட இருக்கறவன் பேசறவனா, பேசாதவனான்னு தெரியலை. யாராவது ஒருத்தன் அவனைக் கூப்பிட்டு உக்காரவெச்சு, நல்லதா ஒரு பொய் சொல்லோணும்.